டெக்சஸில் ஒரு பழைய கோர்ட்டைப் புதுப்பித்த அனுபவம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நம் ஊர் மாவட்டம் மாதிரியான கவுண்டிகள் 254 இருக்கின்றன. பல கவுண்டிகளின் தலைநகரங்களில் ஊர் நடுவே நூறு வருடங்களைத் தாண்டிய கோர்ட் கட்டடம் இன்னும் நிற்கிறது. அவை பாழாகிக்கொண்டிருந்ததால் 1998இல் அமெரிக்காவின் அழிவு நிலையிலுள்ள வரலாற்று இடங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மறு வருடமே மாநில அரசு நிதியுதவித் திட்டம் தொடங்கியது. அதை நடத்துவது டெக்சஸ் வரலாற்று ஆணையம். அந்த நிதியில் ஒரு சின்ன கவுண்டியின் கோர்ட்டைப் புதுப்பித்த குழுவில் நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர், அதனால் பெயர் வேண்டாம்.

பணம் கேட்பதற்கு முன்பே மாஸ்டர் பிளான் போட்டு ஆணையத்தின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கட்டடத்தை எந்தக் காலத்துத் தோற்றத்துக்குக் கொண்டுபோவது என்பதை அதில் முடிவுசெய்தாக வேண்டும். பழைய போஸ்ட்கார்டு, கவுண்டி கூட்டக் குறிப்புகள், தீ இன்சூரன்ஸுக்காக சான்போர்ன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்கள் என்று எல்லாவற்றையும் வைத்து, ஆரம்பகாலத் தோற்றம்தான் என்று தீர்மானித்தோம். அப்படியென்றால் 1950களில் ஒட்டுப்போட்ட பின்கட்டு போய்விடும். அங்கேதான் கல்யாண லைசென்ஸ் வாங்கினோம் என்று சண்டைக்கு வந்த தம்பதிகள் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அடுத்தது கவுண்டியைச் சம்மதிக்க வைப்பது. கவுண்டி ஜட்ஜ் என்று அழைக்கப்படும் நிர்வாகத் தலைவரும் நான்கு கமிஷனர்களும்தான் பட்ஜெட்டைத் தீர்மானிப்பவர்கள். கவுண்டி தன் பங்குக்கும் பணம் போட வேண்டும். ரோடெல்லாம் பள்ளமாகக் கிடக்கும்போது இதற்கா செலவு என்று ஒருவர். பிற்பாடு எதை மாற்றினாலும் ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதா என்று இன்னொருவர். அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், கோர்ட் கட்டடத்தின் வரலாற்றுத் தன்மை கெடும்படி எதையும் செய்யும் முன் ஆறு மாதம் முன்னதாக ஆணையத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி மாநிலச் சட்டமே இருக்கிறது. வாதம் பலிக்காமல், அவர்களை ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப் போனோம். அங்கே 1911இல் கட்டிய வில்லியம்சன் கவுண்டி கோர்ட்டில், 1960களில் இடித்துத் தள்ளிய கைப்பிடிச் சுவர்களைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 1923இல் டான் மூடி என்ற இளம் அரசு வழக்கறிஞர், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஆட்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கட்டடத்தில்தான். அவர் பிறகு மாநில கவர்னரானார். அந்தக் கதையைவிட சதுக்கத்தைச் சுற்றிக் கடைகளில் இருந்த கூட்டம்தான் எங்கள் கமிஷனர்களை அசைத்தது என்று நினைக்கிறேன்.

வேலை தொடங்கும் முன், கோர்ட் கட்டடத்திலேயே இருந்த கவுண்டி ஆபீஸ்களைக் காலிசெய்ய வேண்டும். நிலப் பத்திரங்களில் வில்லங்கம் பார்க்க தினமும் ஆள் வருவார்கள், ஒரு நாள்கூட மூட முடியாது. மூடிக்கிடந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டை வாடகைக்குப் பிடித்து சமாளித்தோம்.

அப்புறம் நடந்தது பெரும்பாலும் முந்தைய ரிப்பேர்களை அகற்றும் வேலை. பழைய மணற்கல் சுவரில் கல் இடுக்குகளை யாரோ சிமென்ட்டால் பூசி பாயிண்டிங் செய்திருந்தார்கள். சிமென்ட் கல்லைவிடக் கடினம். சுவருக்குள் இறங்கிய ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகவே வரும், கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். அந்த சிமென்ட்டைக் கல் சிதையாமல் எடுக்கக் கொத்தனார்கள் உளியால் அங்குலம் அங்குலமாகப் போனார்கள். பழைய சாந்தை லேபில் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மட்டும் நிற்கும். அதே நிறம், அதே பருமனில் மணல் தேடிப் புதுச் சாந்து கலந்தோம். சுண்ணாம்புச் சாந்தின் அருமையைச் செட்டிநாட்டு வீடுகளில் பார்த்து வளர்ந்த எனக்கு, அதை டெக்சஸில் ஸ்பெசிபிகேஷனாக எழுதியது வேடிக்கையாகத்தான் இருந்தது.

உள்ளே, ஏசிக்காக விசாரணை அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். கழற்றினால் மேலே இரண்டு மாடி உயரத்துக்கு அறை, முழு பால்கனி, சுவரோரம் ஸ்டென்சில் பூ வேலை. பெயின்ட் அடுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முதல் நிறத்தைக் கண்டுபிடித்தோம். எல்லாரும் எதிர்பார்த்த வெள்ளை இல்லை, ஒரு மாதிரி பாசிப்பச்சை. அதற்கும் ஒரு சண்டை.

திறப்பு விழா முடிந்து முதல் விசாரணை நடந்தபோது புதுப் பிரச்சினை. உயரமான அறை, சாட்சி சொல்வது எதிரொலிக்கிறது, ஜூரிகளுக்குப் புரியவில்லை. ஸ்பீக்கர்களைக் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க இடம் தேடி, அதற்கும் ஆணையத்துக்கு ஒரு வரைபடம் அனுப்பினோம்.