பிரேக்கை வைத்து ரேஸ் கேமை எடைபோடுவது: தக்கலை வீட்டில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஒரு ரேஸ் கேம் தேறுமா தேறாதா என்று சொல்ல எனக்கு இப்போது ஒரே ஒரு இடம் போதும். நேர்ச் சாலையில் முழு வேகத்தில் வந்து, கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கில் விரல் வைக்கிற இடம். காரின் பளபளப்பு, கண்ணாடியில் வழியும் மழைத்துளி, மொத்தம் எத்தனை நூறு கார்கள் என்ற கணக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான். தக்கலையில் வீட்டு டிவியில் பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் பெட்டியை மாட்டி, கிரான் டூரிஸ்மோ 7, டர்ட் ராலி 2.0, ஃபோர்ஸா ஹொரைசன் 5 மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டியதில் இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் டிவி. கேமைக் குறை சொல்வதற்கு முன் டிவியில் கேம் மோடைப் போட்டாக வேண்டும். சாதாரண மோடில் டிவி ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அதனால் நாம் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் விழும். கணக்குப் போட்டால் விஷயம் புரியும். மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 55 மீட்டருக்கு மேல். தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், நாம் பார்க்கும் காருக்கும் உண்மையில் கேமுக்குள் இருக்கும் காருக்கும் நடுவே ஐந்தரை மீட்டர் இடைவெளி. அந்த ஐந்தரை மீட்டரில்தான் வளைவே தவறிப்போகும். நொடிக்கு 60 படம் ஓடும் கேமை நான் விடாப்பிடியாகக் கேட்பதும் இதனால்தான். 30 படம் என்றால், அதே வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கார் 1.85 மீட்டர் தாண்டிவிடும்.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது கிரான் டூரிஸ்மோ 7-இல் ஜப்பானின் சுகுபா டிராக், 1989 மாஸ்டா ரோட்ஸ்டர். டிராக் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதற்குள் கொண்டை ஊசி வளைவுகளும் கடைசியில் நீண்டு போகும் ஒரு வலது வளைவும் இருக்கின்றன. (கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயும் ஏறத்தாழ இதே நீளம்தான், 2.1 கிலோமீட்டர். அது ஒரு நாள் இந்த கேமில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!) காரோ ஒரு டன்னுக்கும் குறைவு, பின்சக்கர இயக்கம், பெரிய சக்தி கிடையாது. வேகமான காரில் கேமின் குறைகள் மறைந்துபோகும். மெதுவான காரில் மறைய இடமில்லை.

பாதையைக் காட்டும் கோடு, பிரேக் எங்கே போட வேண்டும் என்ற குறி, ஸ்டியரிங்கைத் தானே சரிசெய்யும் உதவி என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். முடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிசிஎஸ்ஸைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தபோது ரோட்ஸ்டரில் பெரிய மாற்றம் தெரியவில்லை. சக்தி வாய்ந்த கார்களில் அது வேறு கதை. மாற்றம் முழுவதும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை ‘வீக்’ (பலவீனம்) என்ற நிலைக்கு இறக்கியபோதுதான் வந்தது. அதுவரை கன்ட்ரோலரின் இடதுபக்க பிரேக் விசையான எல்2-வை முழுதாக அழுத்திக்கொண்டே வளைவுக்குள் போனாலும் கார் சமாளித்துவிடும். இப்போது அப்படிப் போனால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேரே போகிறது.

இதன் காரணம் எளிது. டயருக்குப் பிடிமானம் ஓர் அளவுதான். அதை முழுக்க பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. அதே சமயம் பிரேக் போட்டவுடன் எடை முன்னால் வருகிறது. டிரைவர் பிரேக் அடித்ததும் பஸ்ஸில் நிற்கும் அத்தனை பேரும் முன்னால் சாய்வதுபோல. எடை ஏறிய முன்டயருக்குப் பிடிமானமும் கூடும். ஆகவே முதலில் நேராக அழுத்தி, பிறகு பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே திருப்ப வேண்டும்.

இதை எனக்கு விளங்கவைத்தது என் சித்தி மகன். அண்ணன் குலசேகரத்திலிருந்து மினி லாரியில் ரப்பர் ஷீட் ஏற்றுகிறவர். கன்ட்ரோலரை அதற்கு முன் தொட்டதில்லை. சுகுபாவில் சில சுற்று சும்மா ஓட்டிப் பார்த்தார். அப்புறம் இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் அவருடைய இடது ஆள்காட்டி விரலைக் கவனித்தேன். எல்2-வைப் பாதிக்கும் மேலாக இறக்கி, கட்டைவிரல் ஸ்டிக்கைத் திருப்பத் தொடங்கியதும் அந்த விரல் தானாக மேலே வந்துகொண்டிருந்தது. "மக்கா, வண்டி மூக்கு குத்துது பாத்தியா? இப்ப திருப்பினா கேக்கும்" என்றார். பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸின் எல்2-வில் பிரேக் பெடல்போல் எதிர்ப்பு இருப்பதும் அவருக்குப் பிடித்துவிட்டது. லோடு வண்டி ஓட்டுகிறவருக்கு, எடை எங்கே இருக்கிறது என்பதை ஒரு கேம் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பெரியது.

அவரைப் பார்த்துப் பழகிய பிறகு என் சுற்று நேரமும் இறங்கியது. ஏபிஎஸ் வீக்கில் தொடக்கத்தில் பழைய நேரத்தைவிட இரண்டு நொடி போலப் பின்தங்கியிருந்தேன். இப்போது என் பழைய சுற்றைத் திரும்ப ஓட்டிக் காட்டும் கோஸ்ட் காரைக் கடைசி வளைவுக்கு முன்பே தாண்டிவிடுகிறேன்.

டர்ட் ராலி 2.0 வந்தது 2019-இல், பிளேஸ்டேஷன் 4-க்காக; 5-இலும் ஓடுகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் வளைவுகளை எண்ணால் சொல்லிக்கொண்டே வருவார். 1 என்றால் மிகக் கூர்மை, 6 என்றால் லேசான வளைவு. கண்ணுக்குத் தெரியும் முன்பே காதில் விழுந்துவிட வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் சாலைகளில் பைக் ஓட்டியவர்களுக்கு இந்த கேம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். மேடு, இறக்கம், வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாத நிலை எல்லாம் நமக்குப் பழகியவை. சரளை மண்ணில் பிரேக்கின் வேலையே வேறு. நிறுத்துவதற்கல்ல, காரின் பின்பக்கத்தை வீசித் திருப்புவதற்கு. மூன்றில் எனக்கு அதிகம் வியர்த்தது இதில்தான். கற்றுக்கொடுப்பதில் பொறுமை குறைவு என்பது மட்டும் ஒரு குறை.

ஃபோர்ஸா ஹொரைசன் 5 மெக்சிகோவில் நடக்கிறது. எக்ஸ்பாக்ஸில் 2021-இல் வந்து, பிளேஸ்டேஷன் 5-க்கு 2025 ஏப்ரலில் வந்தது. பிரேக்கில் இது தாராளம். தவறினால் ரீவைண்ட் அழுத்திப் பின்னால் போய்க்கொள்ளலாம். என் அளவுகோலில் இது கீழே நின்றாலும், லீவு நாளில் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான், அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. மலை ஏறி, கடற்கரை இறங்கி, சும்மா ஊர் சுற்ற இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

நம்மோடு போட்டிக்கு ஓடும் கார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரான் டூரிஸ்மோ 7-இல் வழக்கமான எதிராளிகள் முன்னால் வரிசையாகப் போவார்கள், நாம் ஒவ்வொருவராகத் தாண்டுவோம். போட்டி என்ற உணர்வே வராது. 2023 நவம்பர் அப்டேட்டில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த சோஃபி என்ற செயற்கை நுண்ணறிவு அப்படியல்ல. உள்பக்கம் இடம் விட்டால் நுழைந்துவிடும், நாம் நுழைந்தால் ஒதுங்கி இடம் கொடுக்கும். சோஃபியோடு ஓட்டிய பிறகு பழைய எதிராளிகளிடம் திரும்ப மனம் வரவில்லை.

இந்த கேமில் நான் மதிப்பெண் குறைக்கும் இடம் இணையம். தனியாக ஓட்டும் பகுதிக்கும் பெரும்பாலும் இணைய இணைப்பு வேண்டும். 2022 மார்ச்சில் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் நின்றபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் உலகம் முழுக்கக் காத்திருந்தார்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றுக்கு ஒரு கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கிரான் டூரிஸ்மோ 7-இல் இப்போது ஓட்டிக்கொண்டிருப்பது மழையில் ஸ்பா, பெல்ஜியத்தின் 7 கிலோமீட்டர் டிராக். மழை நின்றதும் கார்கள் ஓடும் தடம் மட்டும் முதலில் காய்கிறது, அதை விட்டு ஒரு சக்கரம் விலகினாலும் பிரேக் தூரம் நீள்கிறது. திரையின் மூலையில் இருக்கும் மழை ரேடாரைப் பார்த்து, இன்னொரு மேகம் வருமா, லேசான ஈரத்துக்கான இடைநிலை டயர் தாங்குமா என்று ஓடிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். இதையும் கன்ட்ரோலரிலேயே, ஏபிஎஸ் வீக்கிலேயே ஓட்டுகிறேன். லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் வாங்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். வாங்குவேன், ஆனால் எல்2-வில் விரல் படித்ததைக் காலுக்கு மாற்றுவதற்கு முன், இந்த ஈரமான டிராக்கில் விரலுக்கு இன்னும் கொஞ்சம் பாடம் பாக்கி இருக்கிறது.