சுமைதாங்கியிலிருந்து தொடங்குவோம்: தரம் 4 சுற்றாடல் நாட்குறிப்பு

ஜூன் 3

'எங்கள் ஊர்' பாடத்தை இந்த முறை யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியனிலிருந்து தொடங்கவில்லை. 1619இல் நல்லூர் இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது என்பதைப் பிள்ளைகள் ஒரு நாளில் பாடமாக்கிவிடுவார்கள். அது அம்மம்மா பிறக்க முன்னமா பிறகா என்று கேட்டால் விழிப்பார்கள். ஆகவே முதலில் காலத்தை அளந்து காட்டும் கயிறு.

ஒரு வருடத்துக்கு 1 சென்ரிமீற்றர். ஐந்து மீற்றர் தும்புக்கயிறு விறாந்தைத் தூண்களுக்கிடையில் போதும். நல்லூரின் வீழ்ச்சி நாலு மீற்றருக்குச் சற்று அப்பால் வரும். ஆண்டுகளுக்கு முடிச்சுப் போட்டதுதான் பிழை. தடித்த கயிற்றில் ஒரு முடிச்சு நாலைந்து சென்ரிமீற்றரை விழுங்கும்; நாலு முடிச்சுக்குள் இருபது வருடம் காணாமற்போனது. அவிழ்த்துவிட்டு உடுப்புக் கிளிப்பில் அட்டைகளைக் கொழுவினோம்: யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கிய 1956, யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981, போரால் பெரிய இடப்பெயர்வு நடந்த 1995. பிள்ளையின் சொந்த வாழ்க்கை ஒன்பது சென்ரிமீற்றர்தான், அதற்குள் எதையும் கொழுவ முடியாது. அதற்கு மட்டும் தனிக் கடதாசி நாடா, வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர்.

ஜூன் 5

சந்திக்கு நடை. 7.45க்குப் புறப்பட்டு 8.40க்குள் திரும்பிவிட வேண்டும். பிந்தினால் வெயிலும் சோளகக் காற்றின் புழுதியும் பிள்ளைகளை நிற்கவிடா. நாலு பேருக்கு ஓர் அளவுநாடா, ஓர் அட்டை, பென்சில்.

இரண்டு நட்ட கல், மேலே குறுக்கே ஒரு கல். "விக்கெற்!" என்றார்கள், "வாசல்" என்றார்கள். விடை சொல்லக்கூடாது; சொன்னால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். அளந்து, கீறிக்கொண்டு திரும்பினோம்.

வகுப்பில் ஒரு கடகப் பெட்டி, அதற்குள் 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, தலையில் சும்மாடு. முதலில் நிலத்தில் தனியே இறக்கச் சொல்ல வேண்டும். பிள்ளை குனிய, போத்தல்கள் ஒருபக்கம் சரிய, "பிடியடா!" என்று கத்தும். பிறகு அதே கடகத்தை நெஞ்சளவு உயரமான அரைச்சுவரில் இறக்கச் சொல்ல வேண்டும். கிட்டப் போய், தலையைச் சற்றுச் சரித்து, கடகத்தை முன்னுக்குத் தள்ளினால் முடிந்தது. திரும்பத் தூக்கவும் ஆள் தேவையில்லை. சுமைதாங்கி எதற்கு என்பதை அதன் பிறகு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. பிள்ளை பெறமுன் இறந்துபோன தாயின் நினைவாக அதை நாட்டும் வழக்கம் இருந்ததை மட்டும் மெதுவாகச் சொன்னோம்.

சுமைதாங்கிக்குப் பக்கத்திலுள்ள ஆவுரஞ்சிக்கல்லை, மாடுகள் உடம்பை உரஞ்ச நட்ட கல்லை, தடவிப் பார்க்க விட்டது நல்லதாயிற்று. உச்சி சொரசொரப்பு. மாட்டின் கழுத்து முட்டும் உயரத்தில் ஒரு பட்டை மட்டும் வழுவழுவென்று மினுங்குகிறது. அந்தப் பட்டையின் உயரத்தை அளந்தால் உரஞ்சிய மாட்டின் உயரம் ஏறக்குறையப் பிடிபடும்.

ஜூன் 6

கல்லில் தேய்ந்த எழுத்து. வெண்கட்டி பூசுவதோ, கடதாசி வைத்துத் தேய்ப்பதோ கூடாது. சுண்ணாம்புக்கல் பொருக்காய் உதிரும், எழுத்தும் கூடவே போகும். விடிகாலைச் சாய்வெயிலில் எழுத்து தானாக எழும்பி நிற்கும், உச்சிவெயிலில் மறையும். நேரம் தவறினால் முகக்கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழுத்திப் படமெடுக்கலாம்.

ஜூன் 12

பெரியவர்களிடம் கேட்கும் கேள்விகள். "அந்தக் காலம் எப்பிடி இருந்தது?" என்று கேட்ட பிள்ளைகள் எல்லாரும் "நல்லா இருந்தது" என்ற ஒரே விடையோடு வந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்ததைப் பற்றி "துலா மிதிச்சது ஆர், பட்டை பிடிச்சது ஆர்?" என்று கேட்டவர்களுக்கு இரண்டு பக்கம் நிறைந்தது. வருடம் நினைவில்லாத இடத்தில் "இடப்பெயர்வுக்கு முன்னமோ பிறகோ?", "ரயில் நிண்ட பிறகோ?" என்று கேட்கப் பழக்கினோம். யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது 1990, திரும்ப வந்தது 2014. இரண்டுக்கும் கயிற்றில் அட்டை உண்டு. இழந்தவர்களைப் பற்றிப் பிள்ளை தானாகக் கேட்கக்கூடாது. பெரியவர் சொன்னால் கேட்கலாம், வகுப்பில் வாசிக்காமலும் விடலாம்.

ஜூன் 17

ஊர்ப்பெயர்கள்: கந்தர்மடம், ஆறுகால்மடம். மடம் என்றால் வழிப்போக்கர் தங்குமிடம், கால் என்றால் தூண். அவ்வளவில் நிறுத்த வேண்டும். பெயருக்குக் கதை கட்டத் தொடங்கினால் அதுவே சரித்திரமாக ஒட்டிக்கொள்ளும்.

இங்கே வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் நிற்கிறது. கிணறும் கேணியுமே கதி. "எல்லாரும் அந்தக் கிணத்தில அள்ளினவையோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இல்லை. சாதியின் பேரால் பலரைக் கிணற்றடிக்கு விடவில்லை. அவர்கள் யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்து நின்றார்கள். இதை மறைத்துவிட்டு மடத்தையும் தண்ணீர்ப்பந்தலையும் மட்டும் புகழ்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். எந்தக் குடும்பத்தையும் சுட்டாமல், உள்ளதை உள்ளபடி சொன்னோம்.

ஜூன் 24

ஊர் வரைபடம் பென்சிலில்தான் இருக்க வேண்டும், பெரியவர்கள் வந்து திருத்துவதற்காக. சுமைதாங்கிப் படத்தை ஓர் அப்பாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "உது இவ்வளவு பதிவாய் நிண்டதில்லைப் பிள்ளை. அப்பு நிமிர்ந்தபடி இறக்கிவைப்பார்." அளவு பிழையில்லை, இரண்டு குழு அளந்தது ஒன்றாகவே இருந்தது. வீதிக்குத் தார் போடும்போதெல்லாம் கரையும் உயர்ந்து, கல்லின் கால்களை மூடியிருக்கிறது. தோண்டிப் பார்க்கக்கூடாது, கல் சரிந்துவிடும். அப்பாச்சி தன் தலைக்குமேல் கையை வைத்துக் காட்டிய உயரத்தை அளந்து, குறைந்த பங்கை வீதிமட்டத்துக்குக் கீழே புள்ளிக்கோட்டால் கீறினார்கள்.