பழைய ஸ்டீல் ஃபிரேமில் புதிய 8 கியர்: ஒரு ரோடு பைக் கட்டிய அனுபவம்

கையில் இருந்தவை 1980களின் ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் குழாயில் செய்த ஃபிரேமும் ஃபோர்க்கும் (முன்சக்கரக் கவை), ஏற்கெனவே ஓடிய ஒரு ஜோடி 700சி (இன்றைய ரோடு பைக் அளவு) சக்கரமும். மற்றவை புதிய ஷிமானோ கிளாரிஸ் 8 கியர் பாகங்கள். இப்படிப் பழையதையும் புதியதையும் சேர்க்கும்போது பணம் வீணாவது பெரும்பாலும் வாங்கும் இடத்தில்தான். வெர்னியர் அளவுகோலால் ஃபிரேமை அளந்து எழுதி வைத்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

அளப்பதற்கும் முன்னால் விரிசல் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு, பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு சுழலும் இடம்) சுற்றியும் செயின் பக்கத்துப் பின்கவையிலும் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்) வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். ஹெட் டியூபுக்கு (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) சற்றுக் கீழே, அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கியோ குழாய் புடைத்தோ இருந்தால் அது நேருக்கு நேர் மோதிய வண்டி. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) அசைகிறதா என்பதும் முக்கியம். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியம் போஸ்ட் ஈரம் பட்டு வருடக்கணக்கில் கிடந்தால் துருவேறி ஒட்டிப்போகும். கழற்றுவதற்குள் ஃபிரேமே கெடலாம்.

பாட்டம் பிராக்கெட் கூடு 68 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் மரை: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. செயின் பக்கத்துக் கப் (பேரிங் உட்காரும் கிண்ணம்) இடது மரை என்பதை மறந்து வழக்கம்போல் கழற்றப் போனால் இன்னும் இறுகும். கூடு 70 மி.மீ. என்றால் இத்தாலிய மரை, இரு பக்கமும் வலது. ராலேயின் நாட்டிங்ஹாம் ஆலையில் செய்த பல பழைய ஃபிரேம்களில் 26 மரை வரும். அதில் இன்றைய கப்பை வலிந்து திருகினால் மரை அழிந்துவிடும். எங்கள் ஃபிரேம் 68, 24 மரை. கூட்டின் இரு முகப்பிலும் இருந்த பெயின்டைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய கப் நேராக உட்கார்ந்தது.

அதிக நேரம் எடுத்தது பின்சக்கர இடைவெளி. பழைய 6 கியர் ஃபிரேம் என்பதால் 126 மி.மீ.; கையில் இருந்த 700சி சக்கரத்தின் ஹப்புக்கு (சக்கரத்தின் நடு உருளை) 130 வேண்டும். கையால் விரித்துச் சக்கரத்தை நுழைத்துவிட முடியும். ஆனால் டயர் பஞ்சராகும் ஒவ்வொரு முறையும் அந்த மல்லுக்கட்டு இருக்கும். அதனால் நிரந்தரமாக விரித்தோம். இது ஸ்டீலுக்கு மட்டும். அலுமினியம், கார்பன் ஃபிரேமில் செய்யவே கூடாது. ஒரு மரச்சட்டத்தை நெம்புகோலாக வைத்து, ஒவ்வொரு பக்கமாக 2 மி.மீ. நகர்த்த வேண்டும். ஸ்டீல் திரும்பி வரும் என்பதால் கொஞ்சம் தாண்டி அழுத்தி, விட்டு, அளந்து, மறுபடி அழுத்த வேண்டும். இரு கவைகளுக்கும் நடுவே போல்ட் கம்பி வைத்து நட்டைத் திருகி விரிக்கும் முறையும் உண்டு. அதில் இளகிய பக்கம் மட்டும் அதிகம் விலகிவிடும். சரிபார்க்க ஒரு நூல் போதும். ஒரு டிராப்-அவுட்டில் (ஆக்சில் உட்காரும் பிளவு) கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறு டிராப்-அவுட்டில் இழுத்துக் கட்டி, சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். விரித்த பின் டிராப்-அவுட்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஆக்சில் வளையும். டீரெய்லர் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) மாட்டும் காதையும் அப்போதே நிமிர்த்திவிடுங்கள். 8 கியரில் ஏதோ ஒன்று மட்டும் விழாமல் அடம்பிடித்தால் கேபிளைத் திருகுவதற்கு முன் இந்தக் காதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்த ஃபிரேம் 27 அங்குலச் சக்கரத்துக்குச் செய்யப்பட்டது. அதன் ரிம் விட்டம் 630 மி.மீ., 700சியுடையது 622. பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் துளையிலிருந்து ரிம்மின் நடு வரை அளந்தபோது 52 மி.மீ. வந்ததால் 47–57 மி.மீ. நீளக் காலிப்பர் (ரிம்மைக் கவ்வும் பிரேக்) வாங்கினோம். வழக்கமான 39–49 எட்டியிருக்காது. பழைய துளை 6 மி.மீ., புதிய பிரேக்கின் குழி நட்டுக்கு (துளைக்குள் புதைந்து உட்காரும் நட்டு) 8 வேண்டும். ஃபோர்க்கின் பின்பக்கத் துளையை மட்டும் 8 ஆக்கி, பின்பிரேக்கை நீள நட்டோடு முன்னால் மாட்டினோம். நீள போல்ட் உள்ள முன்பிரேக் சாதாரண நட்டோடு பின்னால் போனது. இதனால் பின்பிரேக் மாட்டும் மெல்லிய குறுக்குக் குழாயைத் துளையிடும் அவசியமே வரவில்லை.

சக்கரத்தில் ஏற்கெனவே இருந்த ஹப்பையே வைத்துக்கொண்டோம். பால்ரஸ் மட்டும் புதிது, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9. கோனில் (பால்ரஸ் உருளும் கூம்பு) பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், கிரீஸ் அதைக் குணப்படுத்தாது. ஹப் 11 கியருக்கானது என்பதால் 8 கியர் கேசட்டுக்கு (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) பின்னால் 1.85 மி.மீ. வளையம் போட்டோம். அது இல்லாமல் கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும்.

செயின், கேபிள், பிரேக் கட்டை, டயர், ஹேண்டில்பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். அலுமினியம் ஹேண்டில்பார் உள்ளே களைத்திருந்தாலும் வெளியே காட்டாது. முறியும்போது முன்சக்கரத்தின் மேல் விழுவோம். ஸ்டெம் 22.2 மி.மீ. குவில் வகை, அதாவது ஃபோர்க் குழாய்க்குள் இறங்கும் தண்டு உள்ளது; குறைந்தபட்சம் எவ்வளவு இறங்க வேண்டும் என்று அதன் தண்டில் காட்டும் கோடு வெளியே தெரியக் கூடாது.

செயினை முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் கேசட்டின் பெரிய பல்சக்கரத்திலும் டீரெய்லர் வழியாகப் போகாமல் சுற்றி, இரண்டு கண்ணி கூட்டி வெட்டினோம். லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டர், இடது கிராங்கை (பெடல் கை) அச்சோடு இறுக்கும் பக்கப் போல்ட் 12 முதல் 14. ஹேண்டில்பார் டேப்பை மட்டும் இன்னும் சுற்றவில்லை. லீவரின் உயரம் கைக்குச் சரிதானா என்று சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகே சுற்ற வேண்டும்.