அரை மணி நேரத்தில் தவறிய மான்

நான் இருக்கும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போக முக்கிய சீசன் 9 நாள்தான், நவம்பர் நாலாவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பிக்கும். வில்லுக்கும், விசை வைத்த குறுக்குவில்லான கிராஸ்போவுக்கும் செப்டம்பர் நடுவிலிருந்தே அனுமதி உண்டு. ஆனால் ஆபீஸ், பையனின் நீச்சல் வகுப்பு எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது வாரத்துக்கு ஒரு சாயங்காலம். (நம்மூரில் 1972-லேயே சட்டம் வந்துவிட்டது, மானைத் தொட்டால் ஜெயில், உனக்கு இது தேவையா என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார். லைசென்ஸ் எடுத்து, பாதுகாப்பு வகுப்பும் முடித்திருக்கிறேன் என்று நானும் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.)

ஒரே சாயங்காலம் என்றால் எந்தப் பரணில் உட்கார்வது என்பதில் தப்பு செய்ய முடியாது. அதனால்தான் ட்ரெயில் கேமரா, மரத்தில் கட்டி வைத்தால் கடந்துபோகும் மிருகத்தை நேரத்தோடு தானே படம் எடுக்கும் கேமரா. தெரிந்த பெரியவர் ஒருவரின் சோளக்காட்டு ஓரத்தில், அவரிடம் கேட்டுக்கொண்டு மூன்று கட்டி வைத்திருக்கிறேன். உடல் சூடும் அசைவும் சேர்ந்து தெரிந்தால்தான் இது படம் எடுக்கும், ஆனால் வெயிலில் காய்ந்த நீளப் புல் காற்றில் ஆடினாலும் ஏமாந்துவிடும். முதல் வருஷம் எனக்குக் கிடைத்ததில் பாதி புல் படம். இப்போது முன்னால் இருக்கும் புல்லை அறுத்துவிட்டு, லென்ஸ் வடக்கே பார்க்கிற மாதிரி இடுப்புயரத்தில் கட்டுகிறேன். குளிருக்கு லித்தியம் பேட்டரி. கார்டு எடுக்க நடுமத்தியானம்தான் போவேன், அதுவும் பத்து நாளைக்கு ஒரு தடவை. அடிக்கடி போனால் நம் வாடை தங்கி, மான் தடத்தையே மாற்றிக்கொள்ளும்.

ராத்திரி 2 மணிக்கு வரும் பெரிய கொம்பைப் பார்த்து மயங்காதீர்கள், இருட்டில் சுட முடியாது. வெளிச்சத்தில் வரும் படங்களை மட்டும் நான் தனியே எடுத்து வைப்பேன்.

சரி, போன நவம்பர் கதைக்கு வருகிறேன். ஓக் மரத்தடியில், கிளையை மோந்து காலால் மண்ணைப் பறித்து வைத்த இடத்தில், எட்டுக் கிளைக் கொம்புள்ள ஆண் மான் ஒன்று மூன்று சாயங்காலம் 4:35-ஐ ஒட்டி வந்திருந்தது. வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, 4:05-க்குப் பரணில் ஏறினேன். இருட்டும் வரை ஒரு அணில்.

அடுத்த தடவை கார்டைப் போட்டுப் பார்த்தால் அந்த வியாழக்கிழமையும் 4:35-க்கு மான் வந்திருக்கிறது. அதற்கடுத்த படம் 5:05, கிராஸ்போவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடிக்கிற நான். அப்போதுதான் உறைத்தது. கோடைக்கால நேரம் முடிந்து நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது, செல்போன் தானாகத் தள்ளிக்கொண்டது, மரத்தில் கட்டிய கேமராவுக்கு யார் சொல்வது? மான் வந்தது 3:35-க்கு. அந்த வாரம் சூரியன் மறைவதே நாலரை சுமாருக்கு, படத்திலோ அதன் முதுகில் நல்ல வெயில் அடிக்கிறது. கொம்பைப் பெரிதுபண்ணிப் பார்த்தேனே தவிர முதுகைப் பார்க்கவில்லை.

செல்போன் நெட்வொர்க்கில் இணையும் செல்லுலார் கேமராக்கள் பல நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும், படமும் போனுக்கே வரும். வாங்கலாம்தான், ஆனால் ஆபீஸில் உட்கார்ந்து மானை நேரலையில் பார்ப்பது வேட்டையா என்று எனக்கு ஒரு உறுத்தல். அரிசோனாவில் 2022-லிருந்து வேட்டைக்கு ட்ரெயில் கேமராவே கூடாது என்றாகிவிட்டது.

இப்போதைக்கு, புதுக் கார்டு போட்டதும் செல்போன் கடிகாரத்தை லென்ஸ் முன்னால் காட்டுகிறேன். ஒவ்வொரு கார்டிலும் முதல் படம் அதுதான்.