அந்த ஆர்கன் எங்கிருந்து வந்தது?

நேற்றிரவு 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டை நாலைந்து முறை திரும்பத் திரும்பக் கேட்டேன். பிரிட்டனின் புரோகால் ஹாரம் ராக் குழு 1967இல் வெளியிட்டது. தொடக்கத்தில் வரும் ஹாமண்ட் ஆர்கன் என்ற மின்சாரக் கீபோர்டின் ஓசை, கேட்டதும் தொண்டையை அடைக்கும்.

ஜெர்மன் செவ்விசை மேதை பாக்கின் (Bach) மெட்டை அப்படியே எடுத்துவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா சூட்டில் (பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பு) உள்ள 'ஏர்' பகுதியையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நீண்டு நிற்கும் முதல் சுரம், அதன் கீழே படிப்படியாக இறங்கும் பேஸ், அதாவது அடித்தளமாக ஒலிக்கும் தாழ்ந்த சுரங்கள். ஒற்றுமை பெரும்பாலும் அவ்வளவுதான். அப்புறம் ஆர்கன் தன் வழியில் போய்விடுகிறது.

இன்னொரு பக்கம் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை. பெர்சி ஸ்லெட்ஜ் 1966இல் பாடிய 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' பாட்டிலும் அதே இறங்கும் பேஸ் இருக்கிறது. புரோகால் ஹாரம் பாடகர் கேரி புரூக்கரின் குரலில் இருக்கும் ஏக்கம் பாக்கைவிட இதற்குத்தான் நெருக்கம் என்று தோன்றுகிறது.

சரி, அந்த ஆர்கன் பகுதியை உருவாக்கி வாசித்தவர் குழுவின் ஆர்கன் கலைஞர் மாத்யூ ஃபிஷர். பாட்டில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2009இல்தான் உறுதிசெய்தது. 42 ஆண்டுகள்! நினைத்தாலே மனசு கனக்கிறது.