பிள்ளைங்ககிட்ட நான் தப்பா சொன்ன வசனம்

ஜூன் 15, 2025, ஞாயிறு

இன்னைக்கு திரித்துவ ஞாயிறு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரும் ஒரே கடவுள்னு நினைக்கிற நாள். சண்டே ஸ்கூல்ல ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு போன வாரமே மனப்பாட வசனம் குடுத்திருந்தேன், 1 யோவான் 5:7. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." திரித்துவத்துக்கு இத விட நேரடியான வசனம் கிடையாது, நானும் சின்ன வயசுல இதத்தான் படிச்சேன், ஒப்பிச்சு பரிசு கூட வாங்கிருக்கேன். எல்லாரும் சொல்லி முடிச்சப்புறம் ஒரு பாப்பா எந்திரிச்சு, அக்கா, எங்க பக்கத்து வீட்டு ஃப்ரெண்டு ஆர்.சி., அவ பைபிள்ல இந்த வசனமே இல்லக்கா, ஆவி தண்ணி ரத்தம்னு மூணு மட்டும்தான் இருக்கு, ஏன்க்கான்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. தெரியலன்னு சொல்ல வாயும் வரல. "அவங்க பைபிள்ல எடுத்திருப்பாங்கம்மா, நம்ம பைபிள்தான் சரி"ன்னு சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததுல இருந்து மனசு சரியில்ல. பாக்காமலே சொல்லிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

ஆபீஸ்ல இருந்து வந்ததும் ஆர்.சி. சபையில படிக்கிற தமிழ் பைபிளான திருவிவிலியத்த எடுத்துப் பாத்தேன். அந்தப் பாப்பா சொன்னது சரிதான், பிதா வார்த்தை பரிசுத்த ஆவின்னு சொல்ற பகுதி அதுல இல்ல. ஆனா திருவிவிலியம் 1995ல வந்தது, அத கத்தோலிக்கர் மட்டும் உக்காந்து மொழிபெயர்க்கல, நம்ம பக்கத்து சபைகளோட அறிஞர்களும் சேர்ந்துதான் பண்ணாங்க. அப்ப "அவங்க எடுத்துட்டாங்க"ன்னு நான் சொன்னது முதல் அடியிலயே நிக்கல.

அதோட விடல. இங்கிலிஷ்ல 1611 கிங் ஜேம்ஸ்ல அந்த வசனம் இருக்கு, ஆனா அத திருத்தி 1881ல புராட்டஸ்டன்ட் அறிஞர்களே கொண்டுவந்த ரிவைஸ்ட் வெர்ஷன்ல இல்ல. நாம கையில வச்சிருக்கிற தமிழ் பழைய மொழிபெயர்ப்பு 1871ல முடிஞ்சது, அதுக்கு பத்து வருஷம் முந்தி. ராத்திரி பதினொன்னரைக்கு இத கண்டுபிடிச்சிட்டு அப்படியே உக்காந்திருந்தேன், ஏன்னா எனக்கு தெரிஞ்ச எல்லாரும் நேசிக்கிற வசனம் இது.

ஜூன் 17, செவ்வாய்

பாப்பாவோட அம்மா ஃபோன் பண்ணாங்க. பிள்ள நான் சொன்னத அப்படியே போய் ஃப்ரெண்டுகிட்ட, "உங்க பைபிள்ல கடவுள் வார்த்தைய வெட்டிட்டீங்களாம், எங்க அக்கா சொன்னாங்க"ன்னு சொல்லிருக்கா. அந்தப் பிள்ள அழுதுட்டு போயிருச்சாம், ரெண்டு நாளா சேந்து ஸ்கூலுக்குப் போகலையாம். அவங்க கோவப்படல, அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்தது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனா சின்னப் பிள்ளைங்க பாருங்க"ன்னு மெதுவா சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை பேசுறேன்கா, நான் சொன்னது சரியில்லன்னு மட்டும் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

இந்த வசனத்தோட கதை முழுசா தெரியாம பிள்ளைங்க முன்னாடி நிக்கக்கூடாதுன்னு லீவு போட்டு படிச்சேன்.

புதிய ஏற்பாட்டோட கிரேக்க கைப்பிரதிகள் ஐயாயிரத்துக்கு மேல இருக்கு. அதுல இந்த வாக்கியம் இருக்கிறத விரல் விட்டு எண்ணிரலாம், அதுலயும் பாதி ஓரத்துல பின்னாடி யாரோ எழுதிச் சேத்தது. சீனாய் மலையடிவாரத்து மடத்துல கிடைச்ச சீனாய் கைப்பிரதி, வத்திக்கான்ல இருக்கிற கைப்பிரதி, ரெண்டும் 4ஆம் நூற்றாண்டு, ரெண்டுலயும் இல்ல. பழைய லத்தீன் பைபிளான வல்கேட்டோட ரொம்பப் பழைய பிரதிகள்லயும் இல்ல. முதல் தடவையா வசனம் மாதிரியே இது எழுத்துல வர்றது ஸ்பெயின்ல, 4ஆம் நூற்றாண்டு கடைசில, பிரிசில்லியன்ங்கிற ஆயரோ இல்ல அவர் கூட்டத்த சேந்தவரோ எழுதின ஒரு லத்தீன் புத்தகத்துல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா லத்தீன் பைபிள்களுக்குள்ள வருது, இடைக்காலத்துல மேற்கு சபை முழுக்க இது வசனம்னே ஆயிருது.

1516ல எராஸ்மஸ்ங்கிற அறிஞர் பாசல் நகரத்துல கிரேக்க புதிய ஏற்பாட்ட அச்சுல கொண்டுவர்றாரு. அவர் பாத்த கிரேக்க பிரதி எதுலயும் இல்லாததால இத போடல. 1519 ரெண்டாவது பதிப்புலயும் போடல. உடனே இங்கிலாந்துல இருந்து எட்வர்ட் லீ, ஸ்பெயின்ல இருந்து ஸ்தூனிகா, ரெண்டு பேரும் சண்டைக்கு வர்றாங்க, குமாரன் பிதாவுக்கு சமம் இல்லன்னு சொன்ன ஆரியுஸோட கள்ள உபதேசத்துக்கு வழி விடுறன்னு. அப்புறம் ஒரு கிரேக்க பிரதி வந்து சேருது, இப்ப டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல இருக்கு, அதுல அந்த வாக்கியம் இருக்கு, ஆனா அதுவே அந்த 16ஆம் நூற்றாண்டுல எழுதினது. 1522 மூணாவது பதிப்புல எராஸ்மஸ் சேத்துட்டாரு, யாரும் தன் மேல பழி போட இடம் இருக்கக்கூடாதுன்னு தானே குறிப்பும் எழுதினாரு. ஒரு பிரதியில காட்டினா போடுறேன்னு அவர் வாக்கு குடுத்ததா ஒரு கதை எல்லா இடத்துலயும் சுத்துது, அது அவர் எழுத்துல இல்லன்னு பின்னாடி ஆராய்ச்சியில காட்டிட்டாங்க, அதனால பிள்ளைங்ககிட்ட அத சொல்ல மாட்டேன். அங்க இருந்து, பின்னாடி கிரேக்க புதிய ஏற்பாட்ட பதிப்பிச்ச ஸ்தேபானுஸ், பேசா, கிங் ஜேம்ஸ், நம்ம தமிழ் வேதாகமம்னு வழி போகுது.

எனக்கு நெஞ்சுல அடிச்ச விஷயம், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச லூத்தர். அவர் ஜெர்மன்ல மொழிபெயர்த்தது எராஸ்மஸோட 1519 பதிப்ப வச்சு. அதனால 1522ல வந்த அவரோட புதிய ஏற்பாட்டுல இந்த வசனம் இல்ல, அவர் உயிரோட இருந்த வரைக்கும் அவர் சேக்கவே இல்ல. இன்னொரு பக்கம் ரோம் 1897ல கூட இந்த வசனத்த சந்தேகப்படக்கூடாதுன்னுதான் சொல்லுச்சு, 1927லதான் அறிஞர்கள் ஆராயலாம்னு வழி விட்டாங்க. நான் பிள்ளைங்ககிட்ட சொன்னது அப்படியே தலைகீழ். லத்தீன் சபை காலகாலமா பிடிச்சு வச்சிருந்தது நம்ம கைக்கு வந்திருக்கு, லூத்தர் பைபிள்ல இல்லாதது நம்ம பைபிள்ல இருக்கு, அத வச்சு ஒரு ஆர்.சி. பிள்ளைய நான் அழ வச்சிருக்கேன்.

ஜூன் 19, வியாழன்

பயமும் இருந்தது, மறைக்கல. இந்த வசனம் இல்லன்னா திரித்துவம் என்னாகும்? இந்த வருஷம் ஆயர்கள் சேந்து நடத்தின நிசேயா சங்கம் கூடி 1700 வருஷம், 325ல கூடினது. நற்கருணை ஆராதனையில நாம சொல்ற விசுவாசப் பிரமாணம் அங்க ஆரம்பிச்சு 381 கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்துல முழு உருவம் எடுத்தது. அத்தனாசியஸ் நிசேயாவுக்கு ஒரு உதவிக்குருவா போனவரு, அப்புறம் அலெக்சாந்திரியா ஆயரானவரு, குமாரன் பிதாவோட ஒரே தன்மையுள்ளவர்னு சொன்னதுக்காக அஞ்சு தடவ நாடு கடத்தினாங்க, கிட்டத்தட்ட 17 வருஷம் வெளிய இருந்தாரு. அவ்வளவு எழுதினவரு இந்த வசனத்த ஒரு இடத்துலயும் எடுத்துக் காட்டல. கையில இருந்திருந்தா முதல்ல இதத்தான் காட்டிருப்பாரு. அவர் காட்டினது யோவான் 1, யோவான் 10, பிலிப்பியர் 2, மத்தேயு 28ல ஞானஸ்நானத்துக்கு இயேசு சொன்ன அந்த நாமம். இதெல்லாம் இன்னைக்கும் எல்லா பைபிள்லயும் இருக்கு.

திரித்துவ விசுவாசம் இந்த வசனத்து மேல கட்டினது இல்ல. அந்த விசுவாசம் ஏற்கனவே இருந்ததாலதான் யாரோ ஒருத்தர் இந்த வாக்கியத்த எழுதிருக்காரு. இத யோசிச்சப்போ ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியா ஜெபம் பண்ணேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒரு வாக்கியம் எப்படி வசனமாகும்னு அம்மா கேட்டாங்க. ஆச்சியோட வேதாகமத்த எடுத்துக் காட்டினேன். ஓரம் பூரா பென்சில் எழுத்து, சங்கீதம் 23 பக்கத்துல தாத்தா இறந்த தேதி, ஏசாயா 53 பக்கத்துல "இது இயேசு". அச்சு எழுத்து வேற கையெழுத்து வேறன்னு நமக்கு தெரியுது. எல்லாமே கையெழுத்தா இருந்த காலத்துல, ஆவி ஜலம் இரத்தம்ங்கிற மூணையும் பிதா குமாரன் ஆவின்னு அகஸ்டின் கூட விளக்கம் சொன்ன காலத்துல, ஒருத்தர் அந்த விளக்கத்த ஓரத்துல எழுதி வச்சா, அடுத்து நகல் எடுக்கிறவரு இது விட்டுப்போன வரின்னு நினைச்சு உள்ள சேத்துருப்பாரு. பயபக்தியிலதான் நடந்திருக்கும். அம்மா கண்ணாடிய கழட்டிட்டு, "அப்ப ஆச்சி எழுதினதும் உள்ள போயிருக்குமா"ன்னு கேட்டாங்க.

ஜூன் 21, சனி

எங்க சபை போதகர் ஐயர பாக்க சாயங்காலம் போனேன். நாளைக்கு கிளாஸ்ல இத சொல்லப் போறேன், நீங்க சரின்னா மட்டும் சொல்றேன்னேன். ஐயருக்கு இது தெரியும், செமினரியில படிச்சதுதானாம். சபையில சொன்னதில்ல, விசுவாசம் தடுமாறிரும்னு பயம்னாரு. எனக்கு வருத்தமா இருந்தது, அதையும் மரியாதையாவே சொன்னேன், ஐயா, எனக்கு இது தெரியாததாலதான் நான் ஒரு பிள்ளைய புண்படுத்தினேன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "சொல்லும்மா, பெரியவங்களுக்கு நான் சொல்றேன்"னாரு.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிட்டேன். முதல்ல நான் தப்பா சொன்னேன், தெரியாம சொன்னேன்னு மன்னிப்பு கேட்டேன். அப்புறம் ஆச்சி பைபிள கையில குடுத்து ஓரத்து எழுத்த காட்டினேன், எராஸ்மஸ் கதைய சொன்னேன், அத்தனாசியஸ் கதைய ரொம்ப நேரம் சொன்னேன், அத விட மனசு வரல. ஒரு தம்பி, அப்ப மனப்பாடம் பண்ணது வேஸ்டாக்கான்னு கேட்டான். இல்லப்பா, அதுல சொல்லிருக்கிறத சபை இன்னைக்கும் விசுவாசிக்குது, ஆனா யோவான் எழுதினதுன்னு அத காட்டி யார்கிட்டயும் சண்ட போடாதன்னேன். அந்தப் பாப்பா மட்டும் பேசல. முடிஞ்சதும் கிட்ட வந்து, "அக்கா, நீங்களே ஒரு தடவ அவகிட்ட சொல்லுவீங்களா"ன்னா. போனேன், அந்த வீட்டுக்கு. பிள்ளையோட அம்மா காப்பி போட்டுக் குடுத்தாங்க. அந்தப் பிள்ள கதவுக்குப் பின்னாடி நின்னே முழுசா கேட்டுச்சு.

ஜூன் 23, திங்கள்

காலையில எட்டரைக்கு பஸ் ஸ்டாப்புல நின்னப்போ ரெண்டும் ஒரே சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போச்சுங்க. பாப்பா பின்னாடி உக்காந்து ரெண்டு பையையும் மடியில வச்சிருந்தா.