ரோட்ரிக்ஸ்: இல்லை என்று சொல்லத் தெரிந்த தீவு

வியாழன், செப்டம்பர் 25

ரோட்ரிக்ஸ் மொரீஷியஸைச் சேர்ந்த சின்னத் தீவு. மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர். ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ஜன்னல் இருக்கையை அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். முதலில் கடல் நடுவே நுரைக்கோடு ஒன்று தெரிந்தது, அதற்குள்ளே வெளிர்பச்சைத் தண்ணீர், கடைசியாகத்தான் தீவு. நிலம் மொத்தமே 108 சதுர கிலோமீட்டர். பவளத்திட்டு வளைத்து வைத்திருக்கும் ஆழமில்லாத கடலோ கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. "வீட்டைவிட வாசல் பெரிசா இருக்கே" என்றார் அத்தை.

தங்கியிருப்பது முரூக் பக்கம், ஒரு அம்மாள் நடத்தும் விருந்தினர் இல்லம். பெட்டியை இறக்குவதற்கு முன்பே அந்த அம்மாள் உள்ளூர் மொழியான கிரியோலில் சொல்லிவிட்டார்: ஆக்டோபஸ் கிடையாது. மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலிருந்தே ஆக்டோபஸ் கறி, ஆக்டோபஸ் கறி என்று சொல்லிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை இங்கே ஆக்டோபஸ் பிடிக்கத் தடை. 2012இல் ஆரம்பித்தது. பெண் ஆக்டோபஸ் வாழ்நாளில் ஒரே முறைதான் முட்டையிடும். பொந்துக்குள் பட்டினியாக இருந்து முட்டைகளைக் காக்கும், குஞ்சு பொரிந்ததும் செத்துவிடும். குட்டியோ மளமளவென்று வளரக்கூடியது. ஆகவே இரண்டு மாதம் விட்டுவைத்தால் எடையில் நன்றாகவே தெரியும். கரையோரம் ஆக்டோபஸ் குத்துகிறவர்களில் பெண்கள் நிறைய. தடைக் காலத்தில் அவர்களுக்குக் கடற்கரை சுத்தம் செய்வது போன்ற கூலி வேலை கொடுக்கிறார்கள். வெறும் தடையை மட்டும் போட்டிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்குமா? இதைப் பார்த்துத்தான் 2016இல் மொரீஷியஸிலும் தடைக் காலம் கொண்டுவந்தார்கள். பெரிய தீவு சின்னத் தீவிடம் பாடம் படிப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல், யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளி, செப்டம்பர் 26

கடிகாரம் மொரீஷியஸ் கடிகாரம்தான், சூரியன் மட்டும் 20 நிமிடத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது. ஐந்தரைக்கெல்லாம் அறை முழுக்க வெளிச்சம். சரி, எழுந்தாகிவிட்டது, நடப்போம் என்று கிராவியேவிலிருந்து சேன் பிரான்சுவா வரை கடலோரப் பாதையில் கிளம்பினோம். அத்தை வரவில்லை. முழங்கால்.

பாதை என்றால் ஆடுமாடுகள் போட்ட தடம். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் ஊசி ஊசியாக அரித்துப்போன பவளப்பாறை. ரப்பர் செருப்போடு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தென்கிழக்குக் காற்று ஒரு நிமிடம்கூட ஓய்வதில்லை. தொப்பியைக் கையில்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். முரூக் பக்கம் காற்றாடி கட்டிக்கொண்டு அலைமேல் பறக்கிறவர்கள் இந்தக் காற்றுக்காகவே எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள்.

ட்ரூ தார்ழான் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் துண்டு மணல். கொள்ளைக்காரன் ஒருவன் புதையலைப் புதைத்த இடம் என்று கதை. அலை சற்று முரட்டுத்தனமானது, இடுப்பளவுக்கு மேல் நான் இறங்கவில்லை. கடை இல்லை, குடை இல்லை, சாலையும் இல்லை. மொரீஷியஸில் இப்படி ஒரு இடம் இருந்திருந்தால் இந்நேரம் ஒரு ஓட்டல் சுவர் எழுப்பியிருக்கும்.

சனி, செப்டம்பர் 27

புரட்டாசிச் சனி. அத்தை வாயில் கோவிந்தன் நாமம், வயிற்றில் தண்ணீர். ஆனாலும் சந்தைக்கு முதல் ஆளாக அவர்தான் கிளம்பினார். தீவின் தலைநகர் போர்ட் மாத்துரினின் சனிக்கிழமைச் சந்தைக்கு விடியும்போதே போய்விட வேண்டும். முற்பகலில் பாதிப் பலகை காலி.

வாங்கியது: கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை எலுமிச்சை, சிவப்பு அவரை, புட்டி புட்டியாக மிளகாய் ஊறுகாய். அத்தை ஒரு எலுமிச்சையை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். தோல் காகிதம் மாதிரி மெல்லிசு, எண்ணெய் விரலில் ஒட்டி மணம் மத்தியானம் வரை போகவில்லை. "உப்புல போட்டா ரெண்டே வாரத்துல ஊறிடும்" என்று இரண்டு கிலோ கேட்டார். பெட்டி எடையை நினைத்து நான் ஒன்றோடு நிறுத்தினேன்.

பிளாஸ்டிக் பை கொடுக்கமாட்டார்கள், 2014இலேயே தடை. தாழை மடலில் முடைந்த பைகள் தொங்குகின்றன. ஒரு பாட்டி பேசிக்கொண்டே விளிம்பை மடித்து முடைந்தார், கண் கையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பையை வாங்கிக்கொண்டேன்.

இரவு விருந்தினர் இல்லத்து அம்மாள் அத்தைக்காகத் தனியாக மக்காச்சோளக் கஞ்சியும் சிவப்பு அவரைக் குழம்பும் வைத்தார். ஊர்க்காரர்களுக்கு அது அன்றாடச் சாப்பாடு. அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர். தவக்காலத்தில் தாமும் மீனோ இறைச்சியோ தொடுவதில்லை என்றார். அப்புறம் இரண்டு பேரும் விரதக் கணக்குப் பேச உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம்.

ஞாயிறு, செப்டம்பர் 28

கடைகள் மூடல். மோன் லிமோன் மலை ஏறினோம், உயரம் 398 மீட்டர், பாதி வேலையைக் கார் செய்துவிடுகிறது. உச்சியிலிருந்து சுற்றிலும் நுரைக்கோடு.

கிழக்கே பார்த்து நின்றபோது வீட்டுக்காரர் ஒரு கதை சொன்னார், நிஜக் கதை. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிராகடோவா எரிமலை வெடித்தபோது, சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தத் தீவில் அந்தச் சத்தம் கேட்டது. இங்கே போலீஸ் தலைவராக இருந்த ஜேம்ஸ் வாலிஸ், கிழக்கே பீரங்கி சுடுவது போலக் கேட்கிறது என்று எழுதிவைத்தார். நடுவில் தடுக்க ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.

திங்கள், செப்டம்பர் 29

இல் ஓ கோக்கோ என்ற குட்டித் தீவு. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள் இதுதான்.

படகு ஓதத்தைப் பார்த்துத்தான் கிளம்புகிறது. மேற்குப் பக்கம் பவளக்கடல் அவ்வளவு ஆழமில்லை. சில இடங்களில் படகுக்காரர் மோட்டாரைத் தூக்கிவிட்டு நீளக் கழி ஊன்றித் தள்ளினார். அடியில் மணல், கடற்புல், கடல் அட்டை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

தீவு வெறும் மணல் திட்டு, மேலே சவுக்கு மரங்கள். இறங்கியதும் காவலர் விதிகளைச் சொன்னார். ஒரு பகுதி முழுக்கப் பறவைகளுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. ஒருவர் 'ஒரே ஒரு படம்' என்று கெஞ்சினார். காவலர் சிரித்துக்கொண்டே இல்லை என்றார்.

வேலிக்கு இந்தப் பக்கமே போதும். நோடிப் பறவைகள் தலைக்கு மேலே கிளைக்குக் கிளை கூடு வைத்திருக்கின்றன, நாம் கீழே நடந்தால் சட்டை செய்வதே இல்லை. வெள்ளை ஆலாவுக்கோ கூடும் கிடையாது. வெறும் கிளையில் சின்னப் பள்ளம் பார்த்து ஒற்றை முட்டை இடுகிறது. என் கண் உயரத்தில் ஒன்று: சாம்பல் நிறம், பழுப்புப் புள்ளிகள், ஒரு புல்கூட அணை இல்லை. இந்தக் காற்றில் கிளை ஆடுகிறது, முட்டை விழவில்லை. தாய் வந்து மேலே மெதுவாக அமர்ந்து, நெஞ்சு இறகை விரித்து மூடிக்கொண்டது. குஞ்சு பிறக்கும்போதே பலமான நகங்களோடு வருமாம், கிளையைக் கவ்விக்கொள்ள.

மத்தியானம் படகுக்காரர் மீன் சுட்டார். அத்தைக்கு இன்று தடையில்லை, இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார்.

செவ்வாய், செப்டம்பர் 30

ஆமைப் பூங்கா. 2007இல் திறந்தது. பிரான்சில் மத விரோதத்துக்குத் தப்பி 1691இல் இங்கே வந்து இரண்டு ஆண்டு இருந்த பிரான்சுவா லெகாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆமை ஓடுகள்மேலேயே கால் வைத்து நூறு தப்படி நடக்கலாம், தரையை மிதிக்கவே வேண்டாம் என்று எழுதியவர் அவர். அடுத்த நூறு ஆண்டு சொச்சத்தில் அத்தனையும் கப்பல் கப்பலாக மொரீஷியஸுக்கு இறைச்சியாகப் போய்த் தீர்ந்தன. எங்கள் ஊர்தான் தின்றது. சொலிட்டேர் என்ற பறக்காத பறவையும் அதே நூற்றாண்டில் போய்விட்டது. இப்போது இருப்பவை சேஷெல்ஸின் அல்டாப்ரா தீவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்த ஆமைகள். கழுத்தடியில் சொறிந்தால், பறவை உண்ணி பொறுக்க வந்திருக்கிறது என்று எண்ணி நான்கு காலிலும் எழும்பிக் கழுத்தை நீட்டுகின்றன. தோல் பழைய தோல்பையின் சொரசொரப்பு, ஆனால் வெதுவெதுப்பு. பூங்காவிலேயே இருக்கும் குகைக்குத் தலைக்கவசம் போட்டுக் கூட்டிப்போனார்கள். நான் கம்பியைப் பிடித்தபடியே வந்தேன்.

இரவு சாப்பாட்டில் விருந்தினர் இல்லத்து அம்மாள், அக்டோபர் நடுவில் தடை எடுக்கும் அன்று வந்தால் நன்றாக இருக்குமே என்றார். ஓதம் வடிந்ததும் பெண்கள் பூட்ஸும் ஓலைத் தொப்பியும் போட்டு, கையில் குத்துக்கம்பியோடு வரிசையாகக் கடலுக்குள் நடப்பார்களாம். வீட்டுக்காரர் உடனே போனில் டிக்கெட் விலை தேட ஆரம்பித்துவிட்டார். அத்தை தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "எந்தக் கிழமை வருதுன்னு முதல்ல பாரு. சனின்னா நான் வரல."